அன்றாட வாழ்வில் தேவனுடைய கரம்: எதைச் சாட்சியாகச் சொல்லலாம்?

சத்துவாச்சாரி ஆசிரியை

அனைவருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபையில் வாரந்தோறும் வீடு வீடாக மாறி மாறி நடைபெறும் ஜெபக்கூட்டத்தில், வேதபாடம் முடிந்தபின் அந்த வாரத்தில் தேவன் தங்களுக்குச் செய்த நன்மைகளைச் சாட்சியாகச் சொல்வது வழக்கம். அந்தப் பகுதியை நடத்தும் பொறுப்பு இப்போது என்னிடம் வந்திருக்கிறது. அதனால் எழுந்துள்ள ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன்.

சாட்சிகள் பெரும்பாலும் அன்றாட வாழ்விலிருந்தே வருகின்றன. காட்பாடியில் ரயில் தாமதமாக வந்ததால் தவறவிடாமல் ஏற முடிந்தது, மகனுக்குக் கல்விக் கடன் கிடைத்தது, ஸ்கேனில் பயந்தபடி எதுவும் இல்லை என்று வந்தது என்று சொல்லும்போது, சொல்பவரின் முகத்தில் உள்ள நன்றி உண்மையானது. அதை நான் ஒருபோதும் குறைத்துப் பேசமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நினைவுக்கு வந்து திங்கட்கிழமை மறந்துபோகிற தேவனை நாம் ஆராதிக்கவில்லை. ஆனால் அதே அறையில், அதே மருத்துவமனைக்குப் போய், அதே ஊக்கத்தோடு ஜெபித்து, வேறு முடிவோடு திரும்பியவர்களும் அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் பாட்டுப் பாடுகிறார்கள், மற்றவர்களுக்காக ஜெபிக்கிறார்கள், தேநீர் அருந்திவிட்டுக் கலைகிறார்கள். சாட்சி நேரத்தில் மட்டும் வாய் திறப்பதில்லை. சொல்வதற்கு அவர்களிடம் ஒன்றும் இல்லையா, அல்லது நாம் சாட்சி என்று வைத்திருக்கும் வரம்புக்குள் அவர்களுடைய வாழ்க்கை அடங்கவில்லையா என்பதே என் கேள்வி. அன்றாட அனுபவங்களில் தேவனைக் காண்பது என்றால் என்ன, அதைப் பிறர் முன் எப்படிச் சொல்வது என்று அனுபவமுள்ளவர்கள் எழுத வேண்டுகிறேன்.

ராணிப்பேட்டை வாசகர்

ஆசிரியை அம்மாவுக்கு வணக்கம். சிறிய காரியங்களுக்கு நன்றி சொல்வதை நாம் நிறுத்திவிடக் கூடாது என்பதை முதலில் பதிவு செய்கிறேன். உங்கள் தலையிலுள்ள மயிரெல்லாம் எண்ணப்பட்டிருக்கிறது என்று சொன்ன ஆண்டவர், ரயிலைப் பற்றிக் கவலைப்படமாட்டார் என்று நாமே முடிவு செய்ய உரிமை இல்லை. துக்கத்தில் இருப்பவர் மனம் நோகுமே என்று எல்லோரும் மௌனமாகிவிட்டால், துக்கத்தில் இருப்பவருக்கும் அந்தக் கூட்டத்தில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இராது.

பாகாயம் செவிலி (ஓய்வு)

ஆசிரியை அம்மா எழுப்பிய கேள்வியை நான் பணியாற்றிய காலம் முழுவதும் மனத்தில் சுமந்தவள் என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

வேலூரில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) மருத்துவமனையைச் சுற்றி, ஆற்காடு சாலையிலும் காந்தி சாலையிலும் உள்ள லாட்ஜுகளை நம் ஊரார் அனைவரும் அறிவோம். மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வருகிறவர்கள் அங்கே வாரக்கணக்கில் தங்கி, அறையிலேயே சமைத்து உண்டு, பயாப்சி முடிவுக்காகவும் அறுவைச் சிகிச்சைத் தேதிக்காகவும் காத்திருக்கிறார்கள். கடைப் பலகைகளில் வங்காள எழுத்தைப் பார்த்துப் பழகிவிட்ட நமக்கு, அந்த எழுத்துக்குப் பின்னால் இருக்கும் பயணத்தின் நீளம் மறந்துவிடுகிறது. நிலத்தை அடமானம் வைத்துவிட்டு வந்தவர்கள் அவர்களில் உண்டு. நோயாளியைவிட நோயாளியோடு துணைக்கு வந்தவர்தான் பல வேளைகளில் முதலில் சோர்ந்துபோவார். மொழி தெரியாது, இரவில் தூக்கம் இல்லை, பகலில் ஒரு கவுண்டரிலிருந்து இன்னொரு கவுண்டருக்கு நடை.

அப்படிச் சோர்ந்து உட்கார்ந்திருப்பவரிடம் நான் கற்ற பாடம், முதலில் வசனம் சொல்லக் கூடாது என்பதுதான். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. எலியாவின் கதையில் இருக்கிறது. போதும் கர்த்தாவே என்று சூரைச்செடியின் கீழ் சாவை வேண்டிப் படுத்த அந்தத் தீர்க்கதரிசிக்கு, தேவதூதன் கொண்டுவந்தது தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும். அவன் புசித்துக் குடித்து மறுபடியும் படுத்துக்கொண்டான். அதற்காக அவனை யாரும் கடிந்துகொள்ளவில்லை. இரண்டாம் முறையும் தட்டியெழுப்பி, “எழுந்திருந்து போஜனம்பண்ணு, நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்” என்று மட்டுமே சொல்லப்பட்டது. ஓரேப் மலையில் தேவனுடைய மெல்லிய சத்தம் கேட்டது அதற்குப் பிறகுதான். சாப்பாடும் தூக்கமும் முந்தின, வார்த்தை பிந்தியது. ஊக்கம் என்று நாம் பேசும்போது இந்த வரிசையை மறந்துவிடுகிறோம்.

ஆகவே, வேலைப்பளு மிகுந்த வார்டில் தேவனுடைய கரத்தை எங்கே கண்டேன் என்று கேட்டால், முடிவு நல்லதாக வந்த கட்டில்களில் மட்டும் அல்ல என்பேன். பக்கத்துக் கட்டிலுக்குக் கஞ்சி வாங்கிவந்தவரிடம் கண்டேன். தன் பிள்ளையின் உடல் தேறாது என்று தெரிந்தபின்னும், புதிதாக வந்த ஒரு தாய்க்கு எந்த மாடியில் எந்தச் சீட்டைக் கொடுக்க வேண்டும் என்று கைப்பிடித்துக் காட்டிய ஒரு தகப்பனிடம் கண்டேன். அவர் கிறிஸ்தவர் அல்லர். நம்முடைய சாட்சி நேரத்தில் அவரைப் பற்றிச் சொல்ல இடம் உண்டா என்று ஆசிரியை அம்மா யோசிக்க வேண்டும்.

ஆம்பூர் தையல் பிரிவு

சிஸ்டர் எழுதியதைப் படித்தபின் நானும் எழுதத் துணிந்தேன். நான் ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பகுதி, தைக்கும் பிரிவில் வேலை செய்கிறேன். விடியுமுன் சமைத்து வைத்துவிட்டுக் கம்பெனி பேருந்தைப் பிடிக்கிற எங்களுக்கு நீண்ட தியானத்துக்கு நேரம் கிடைப்பதில்லை. “எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்” என்ற ஒரு வரியைத்தான் பேருந்தில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்வேன். மாதச் சம்பளமும் சேமிப்பும் உள்ளவர்கள் அதைப் பொருள் விரித்துச் சொல்லலாம். எங்களுக்கு அது எழுத்துக்கு எழுத்து உண்மையான விண்ணப்பம். வனாந்தரத்தில் மன்னாவை மறுநாளுக்கென்று எடுத்து வைத்தபோது அது பூச்சி பிடித்து நாறியது என்று யாத்திராகமத்தில் படிக்கும்போது, நாளைக்கு வேண்டிய பெலன் இன்று என்னிடம் இல்லையே என்று பயப்படத் தேவையில்லை என்று தோன்றும். நாளைக்குரியது நாளைக்கு வரும்.

அது எப்படி வருகிறது என்பதையும் சொல்கிறேன். ஆம்பூரில் எங்கள் தெருவில் முஸ்லிம் வீடுகளும் இந்து வீடுகளும் கிறிஸ்தவ வீடுகளும் அடுத்தடுத்து இருக்கின்றன. ரமலான் மாதத்தில் பள்ளிவாசலில் காய்ச்சும் நோன்புக் கஞ்சி எங்கள் வீட்டுக்கும் வரும். ஒரு ரமலானில் என் கணவர் கால் முறிந்து வேலைக்குப் போக முடியாமல் கிடந்தார். பக்கத்து வீட்டு அக்கா கஞ்சித் தூக்கோடு அரிசியும் அனுப்பினார். கேட்டால் நான் கூச்சப்படுவேன் என்று பிள்ளையிடம் கொடுத்தனுப்பினார். லைனில் என் மனம் ஓடாமல் கை நின்றபோது, பக்கத்து மிஷினில் இருக்கும் பெண் தன் ஜோடிகளோடு என்னுடையதையும் சேர்த்துத் தைத்து என் டார்கெட்டை ஒப்பேற்றினாள். நல்ல சமாரியன் உவமையைச் சிறுவயதிலிருந்து ஞாயிறு பள்ளியில் கேட்டிருக்கிறேன். அதில் அடிபட்டு வழியில் கிடந்தவனின் இடத்தில் இருந்து அதைக் கேட்டது அந்த மாதத்தில்தான். அவன் சார்பில் யாரும் சாட்சி சொன்னதாக அந்த உவமையில் இல்லை. ஆனால் அவனுக்குச் சொல்ல நிறைய இருந்திருக்கும்.

காட்பாடி பொறியாளர்

எல்லோருடைய அனுபவத்தையும் மதித்தே எழுதுகிறேன். எனினும் ஆசிரியை அம்மா கேட்டதில் உள்ள கடினமான பகுதியை நாம் இன்னும் தொடவில்லை என்று கருதுகிறேன்.

2021 நவம்பரை நினைத்துப் பாருங்கள். மணல் மட்டுமே தெரிந்த பாலாற்றில் இரு கரையும் தொட்டு வெள்ளம் ஓடியது. மழைக்காக ஆண்டுக்கணக்கில் ஜெபித்திருந்த சபைகளில் அதற்காக நன்றி ஏறெடுக்கப்பட்டது. நானும் பாலத்தில் நின்று அந்த நீரைப் பார்த்துக் கண் கலங்கினேன். அதே மழையில்தான் பேரணாம்பட்டில் வீட்டுச் சுவர் இடிந்து விழுந்து, உறங்கிக்கொண்டிருந்த ஒன்பது பேர் இறந்தார்கள்; அவர்களில் நான்கு பேர் குழந்தைகள். ஆற்றில் நீர் வந்ததைத் தேவனுடைய கரம் என்று சொல்லும் நாம், அந்தச் சுவரைப் பற்றி என்ன சொல்கிறோம்? ஒன்றும் சொல்வதில்லை. அந்த மௌனம் எனக்கு நேர்மையானதாகத் தோன்றவில்லை.

இன்னொன்றும் உண்டு. சி.எம்.சி.யை நிறுவிய மருத்துவர் ஐடா ஸ்கடர் அம்மையாரின் அழைப்பைப் பற்றி இந்த மாவட்டத்தில் வளர்ந்த ஒவ்வொரு பிள்ளையும் கேட்டிருக்கிறது. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று ஆண்கள் அடுத்தடுத்து வந்து, பிரசவ வேதனையில் இருக்கும் தங்கள் மனைவியரைக் காப்பாற்றும்படி கேட்டார்கள். மருத்துவரான தந்தையை அழைத்துப் போகுமாறு ஐடா சொன்னார். அந்நிய ஆண் தங்கள் வீட்டுப் பெண்களைத் தொடக் கூடாது என்று அவர்கள் திரும்பிச் சென்றார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். தேவன் ஐடாவை அழைப்பதற்காகவே அந்த இரவைக் கொடுத்தார் என்று மேடையில் சொல்லப்படும்போதெல்லாம் என் மனம் அந்த மூன்று பெண்களிடம் போய் நிற்கிறது. அவர்களுடைய பெயர்கூட நம் கதையில் இல்லை. ஒருவருடைய சாட்சிக்கு மற்றவருடைய சாவு கருவியாகும் என்றால், அப்படிப்பட்ட சாட்சியை என்னால் சொல்ல முடியாது.

குடியாத்தம் ஆயர் (ஓய்வு)

தம்பி கேட்ட கேள்வி நியாயமானது. சபை இதைக் கேட்கப் பழக வேண்டும். என் மனத்தில் உள்ளதைச் சொல்கிறேன்.

பேரணாம்பட்டுக்கு நான் அடக்க ஆராதனைக்காகப் போனவன் அல்லன். ஆனால் குடியாத்தத்தில் இருந்ததால் அந்தச் செய்தி விடிந்ததும் எங்களை வந்தடைந்தது. அப்போது என் நினைவுக்கு வந்தது லூக்கா பதின்மூன்றாம் அதிகாரம். சீலோவாமிலே கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் மடிந்ததை ஆண்டவர்தாமே எடுத்துப் பேசுகிறார். அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று கேட்டு, அல்ல என்று தாமே உறுதியாகச் சொல்கிறார். அதோடு அந்த விளக்கத்தை முடித்துவிடுகிறார். கோபுரம் ஏன் விழுந்தது, தேவனுடைய திட்டத்தில் அதற்கு என்ன இடம் என்று அவர் சொல்லவே இல்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து, நீங்கள் மனந்திரும்புங்கள் என்கிறார். இடிந்த சுவரைப் பார்த்து நாம் கேட்க வேண்டிய கேள்வியின் திசையை அவர் திருப்பிவிடுகிறார் என்றே நான் படிக்கிறேன். மழைக்காலத்தில் எந்த வீடு ஆபத்தில் இருக்கிறது, அங்கே இருப்பவர்களை இரவுக்கு ஆலயக் கூடத்துக்கோ பள்ளிக்கூடத்துக்கோ யார் அழைத்துப் போவது என்பது மனந்திரும்புதலில் சேர்ந்தது.

இனி ஐடா அம்மையார். “இதற்காகவே அது நடந்தது” என்று சொல்வதும், “அது நடந்தபின் நான் இதைச் செய்யாமல் இருக்க முடியாது” என்று சொல்வதும் ஒன்றல்ல. முதலாவது தேவனுடைய மனத்தை நாம் படித்துவிட்டதாகக் காட்டிக்கொள்வது. இரண்டாவது நம்முடைய கடமையை நாம் கேட்டுவிட்டோம் என்று ஒப்புக்கொள்வது. ராணிப்பேட்டையில் 1870இல் பிறந்த அந்தப் பெண், தாய் நோயுற்றிருந்ததால் திரும்பி வந்தாரே தவிர, இந்த நாட்டில் தங்க விரும்பவில்லை. மிஷனரிக் குடும்பத்தின் வாழ்க்கை தனக்கு வேண்டாம் என்றிருந்தவர். அந்த இரவுக்குப் பின் அமெரிக்கா சென்று மருத்துவம் கற்று, 1899இல் பட்டம் பெற்று, 1900இல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கினார். 1902இல் நாற்பது கட்டில் மருத்துவமனை, 1909இல் செவிலியர் பயிற்சி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. இந்த ஆண்டுகளைப் பாருங்கள்: ஒவ்வொரு படியும் அந்த மூன்று வீடுகளின் வாசலை நோக்கியே போகிறது. பெண்ணைப் பார்க்கப் பெண் மருத்துவர் இல்லாததால் அவர்கள் இறந்தார்கள். ஆகவே பெண் மருத்துவர்களை உருவாக்கினார். அவர்களுடைய பெயர் நமக்குத் தெரியாவிட்டாலும், அந்தச் சாவுகளை அவர் நியாயப்படுத்தவில்லை; இனி அப்படி ஒருவரும் சாகக் கூடாது என்று தம் வாழ்நாளைக் கொடுத்தார். மேடையில் நாம் சொல்ல வேண்டிய முறை அதுவே. அழைப்பு அவருக்கு வந்தது தமக்குக் கிடைத்த நன்மையாக அல்ல, பிறருடைய தேவையாக. அன்றாட வாழ்வில் தேவன் நம்மைத் தட்டுவதும் பெரும்பாலும் அப்படித்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

மௌனமாக இருப்பவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. சங்கீதப் புத்தகத்தில் பதின்மூன்றாம் சங்கீதம் “எதுவரைக்கும்” என்று தொடங்கிப் பாடலில் முடிகிறது. எண்பத்தெட்டாம் சங்கீதம் புலம்பலில் தொடங்கி இருளிலேயே முடிந்துவிடுகிறது. இரண்டும் ஆராதனையில் பாடுவதற்காகவே தொகுக்கப்பட்டவை. முடிவு இன்னும் வராதவனுக்கும் தேவனுடைய சந்நிதியில் வாய் திறக்க இடம் இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

வேலப்பாடி செபமாலை

நான் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவள். ஆயர் ஐயாவின் பதிவோடு ஒரு பழக்கத்தை மட்டும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். புனித லொயோலா இஞ்ஞாசியார் கற்றுக்கொடுத்தபடி, இரவில் படுக்குமுன் அந்த நாளை ஆண்டவரோடு மெதுவாக நடந்து பார்ப்பது எங்கள் வீட்டு வழக்கம். முதலில் நன்றி, பிறகு அந்த நாளில் எங்கே அன்புக்கு இடம் கொடுத்தோம், எங்கே மறுத்தோம் என்ற சோதனை, பிறகு மன்னிப்பும் நாளைக்கான வேண்டுதலும். நிகழ்ச்சி நடக்கும்போது அதில் ஆண்டவர் இருப்பது தெரிவதில்லை. இரவில் திரும்பிப் பார்க்கும்போதுதான் தெரிகிறது. எம்மாவு ஊருக்குப் போன சீடர்களுக்கும் அப்பம் பிட்கும்போதுதான் கண் திறந்தது. அதன் பிறகே வழியில் தங்கள் உள்ளம் கொழுந்துவிட்டு எரிந்ததை உணர்ந்தார்கள்.

பாகாயம் செவிலி (ஓய்வு)

சகோதரி எழுதிய இரவுப் பழக்கம், வேலூர் அருகே கரிகிரியில் 1955இல் தொடங்கிய தொழுநோய் ஆய்வு மருத்துவமனையின் வேலையை எனக்கு நினைவூட்டுகிறது. 1946இல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்களை நோய் நேரடியாகத் தின்றுவிடுவதில்லை என்று கண்டார். நரம்பு செத்து வலி தெரியாமல் போவதால், சுட்டாலும் வெட்டினாலும் அவர்கள் கவனிப்பதில்லை. அந்தக் காயங்களே விரல்களைக் கொண்டுபோகின்றன. எனவே ஒவ்வொரு நாளும் கையையும் காலையும் கண்ணால் பார்த்துச் சோதிக்க நோயாளிகளுக்குக் கற்றுக்கொடுக்கப்படுகிறது. உணர்வு இழந்த கையைக் கண்ணால் பார்த்துக் காப்பது போல, பரபரப்பில் மரத்துப்போகும் மனத்தையும் இரவில் பார்த்துச் சோதிக்க வேண்டியிருக்கிறது.

தம்பியின் கேள்விக்கு நான் தர விரும்பும் பதில் டாக்டர் மேரி வர்கீஸ். 1954இல் நடந்த கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தபோது அவர் இளம் மருத்துவர். பால் பிராண்ட் அளித்த ஊக்கத்தால், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பின்னர் மறுவாழ்வு மருத்துவம் கற்றுவந்து அந்தத் துறையைக் கட்டியெழுப்பினார். பாகாயத்தில் 1966இல் திறக்கப்பட்ட மறுவாழ்வு மையம் இன்றும் அவர் பெயரால் விளங்குகிறது. முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் அங்கே உட்காரவும், ஆடை உடுத்தவும், தொழில் செய்யவும் மீண்டும் பழகுகிறார்கள். விபத்து நல்லது என்று அங்கே யாரிடமும் நாம் சொல்லத் துணியமாட்டோம். ஆனால் தன்னைப் போலவே சக்கர நாற்காலியில் இருந்த ஒருவர் இந்த இடத்தைக் கட்டினார் என்று அறியும் நோயாளி, மறுநாள் பயிற்சிக்கு வருகிறார். அதைத்தான் நான் ஊக்கம் என்கிறேன்.

காட்பாடி பொறியாளர்

ஆயர் ஐயாவுக்கும் சிஸ்டருக்கும் நன்றி. காரணம் சொல்வதையும் கடமையைக் கேட்பதையும் பிரித்துக் காட்டியது எனக்கு மிகவும் உதவியாக இருக்கிறது. சுவரைப் பற்றிய என் துயரம் தீர்ந்துவிடவில்லை. தீர வேண்டும் என்று நீங்கள் யாரும் வற்புறுத்தாததற்காகவும் நன்றி.

சத்துவாச்சாரி ஆசிரியை

பதிலளித்த அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. அடுத்த கூட்டத்தில் சாட்சி நேரத்தை வேறு விதமாகத் தொடங்கப்போகிறேன். கிடைத்த நன்மைகளை எப்போதும்போல் சொல்லட்டும். ராணிப்பேட்டைச் சகோதரர் சொன்னபடி அதை நிறுத்த மாட்டோம். அதோடு, இந்த வாரம் உங்களைத் தாங்கியவர் யார், உங்கள் உதவி யாருக்குத் தேவைப்பட்டது என்ற இரண்டு கேள்விகளையும் வைப்பேன். திமிர்வாதக்காரனை நான்கு பேர் கூரை வழியாக இறக்கியபோது, இயேசு “அவர்கள் விசுவாசத்தைக் கண்டு” அவனோடு பேசினார் என்று மாற்கு எழுதுகிறார். சுமக்கப்பட்டவனுக்கும் அந்த வரலாற்றில் இடம் உண்டு, சுமந்தவர்களுக்கும் உண்டு. முடிவு வராதவர்கள் விரும்பினால் எண்பத்தெட்டாம் சங்கீதத்தை வாசிக்கலாம். அதற்குப் பின் யாரும் விளக்கம் சொல்ல வேண்டாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வேன்.

சிஸ்டருக்கு ஒரு வேண்டுகோள். லாட்ஜுகளில் தங்கியிருப்பவர்களுக்கு எங்கள் சபையார் என்ன செய்யலாம் என்று சொன்னால் நன்றாக இருக்கும்.

பாகாயம் செவிலி (ஓய்வு)

முதல் தேவை மொழி. சி.எம்.சி.யின் நகர வளாகத்துக்குப் போக வேண்டுமா, ராணிப்பேட்டை வளாகத்துக்குப் போக வேண்டுமா என்று சீட்டைப் படித்துச் சொல்ல ஆளில்லாமல் ஒரு நாளை இழப்பவர்கள் உண்டு. மருந்து எந்த வேளைக்கு என்று அவர்கள் மொழியில் எழுதிக் கொடுத்தால் அதுவே பெரிய உதவி. இரண்டாவது, துணைக்கு வந்தவர் இரண்டு மணி நேரம் தூங்கும்படி நோயாளியின் அருகே அமர ஓர் ஆள். சமைத்துக் கொண்டுபோவதானால் காரம் குறைவாக இருக்கட்டும். துண்டுப்பிரசுரம் வேண்டாம், அவர்களாகக் கேட்டால் ஜெபியுங்கள். சனிக்கிழமை மாலையில் நாங்கள் சிலர் போகிறோம், விருப்பமுள்ளவர்கள் சேர்ந்துகொள்ளலாம்.

காட்பாடி பொறியாளர்

வேலைக்காகச் சில ஆண்டுகள் வடநாட்டில் இருந்ததால் எனக்கு ஹிந்தி நன்றாகத் தெரியும். இந்தச் சனிக்கிழமை முதல் வருகிறேன், சிஸ்டர். வங்காளம் படிக்கத் தெரிந்தவர்கள் யாரேனும் இருந்தால் இங்கேயே தெரிவிக்க வேண்டுகிறேன்.